ஆடி கழியட்டுமா?

கருவேப்பிலங்குறிச்சி வாசகி ஒருவர் ஒரே கவரில் ஐந்து கேள்வி அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் மற்றவர்கள் பொறுக்கவும்.

கே: வயது 31. கர்ப்பப்பை உள்சவ்வில் ஆரம்பநிலைப் புற்று. ஒன்பது மாதம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டேன். இரண்டு முறை சதை எடுத்துப் பார்த்ததில் ‘இல்லை’ என்று வந்துவிட்டது. டாக்டர் உடனே டெஸ்ட் டியூப் சிகிச்சை என்கிறார். மாமியார், ஆடி கழியட்டும் என்கிறார்.

ப: ஆடியில் விதைப்பதுதானே நம்மூர் வழக்கம்? மாமியாருக்கு நினைவுபடுத்துங்கள். மாத்திரை புற்றை அடக்கியிருக்கிறது, ஊரைவிட்டுத் துரத்தவில்லை. இப்படிச் சரியானவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பி வருகிறது. கிடைத்த இடைவெளியில் கர்ப்பம் தங்க வேண்டும், அதனால்தான் டாக்டருக்கு அவசரம். வேகும்போது சூளையைத் திறக்காதே என்பார்கள் உங்கள் விருத்தாசலத்துப் பீங்கான்காரர்கள். இங்கே கதை தலைகீழ். கர்ப்பம் தங்கும்வரை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கே: என் சித்திக்கும் இதே நோய். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்களோ?

ப: இல்லை. எடுப்பதுதான் வழக்கமான வைத்தியம். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு, அதுவும் வீரியம் குறைந்த முதல் ரகமாக இருந்து, தசைக்குள் இறங்கவில்லை என்று எம்.ஆர்.ஐ. சொன்னால்தான் மாத்திரை. அது கிடக்கட்டும், சித்திக்கும் வந்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? எனக்கு எழுதுமுன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்! லிஞ்ச் என்றொரு பரம்பரைக் கோளாறு உண்டு. அது இருக்கும் குடும்பங்களில் கர்ப்பப்பைப் புற்றும் குடல் புற்றும் வரிசையாக வரும். வீட்டில் யாருக்காவது குடலில் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சந்தேகமென்றால் புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, உங்களுக்கு பஸ் தூரம்தான்.

கே: லெட்ரசோல் எழுதிக் கொடுத்தார்கள். மெடிக்கல்காரர், “இது மார்பகப் புற்று மாத்திரையாச்சே” என்கிறார்.

ப: அவர் சொல்வதும் நிஜம்தான். முட்டை வளர ஊசி போட்டால் ஈஸ்ட்ரோஜன் ஏறும். உள்சவ்வைத் தடிக்க வைத்து உங்களை இந்தப் பாடு படுத்தியதே அதுதான். லெட்ரசோல் அதை ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும், முட்டையும் வளரும். 2011-ல் குழந்தையின்மைக்கு இதைத் தரக்கூடாது என்று தடை போட்ட மத்திய அரசு, பிறகு அதை விலக்கிக்கொண்டது.

கே: எடையையும் குறைக்கச் சொல்கிறார்களே?

ப: கொழுப்பு, லைசென்ஸ் இல்லாத ஈஸ்ட்ரோஜன் ஃபாக்டரி.

கே: பிள்ளை பெற்றதும் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமாம். இரண்டாவது வேண்டுமென்றால்?

ப: முதலாவது வரட்டும் தாயே. எடுக்கச் சொல்வது உண்மைதான், நோய் திரும்பும் பயம். எடுத்த பிறகும் ஆசை இருந்தால், 2021 வாடகைத்தாய்ச் சட்டம் கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு இடம் தந்தாலும், ஏற்கெனவே பிள்ளை இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. இடம் கிடைப்பவர்களும் மருத்துவச் செலவும் இன்ஷூரன்ஸும் தவிர சுமக்கும் பெண்ணுக்குப் பணம் தரக்கூடாது. சட்டம் வாடகையை ஒழித்துவிட்டது, நம் தமிழ்தான் இன்னும் வசூலித்துக்கொண்டிருக்கிறது.