காருக்கு ஆயுசு கெட்டி, காகிதத்துக்கு இல்லை

சிங்கப்பூரில் கார் கிழடு தட்டுவதில்லை. அதற்குள் காலாவதியாகிவிடும். என் மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது. காக்கி புக்கிட்டில் அதைப் பார்த்துக்கொள்ளும் சீனப் பெரியவர் பானெட்டைத் திறந்தார், மூடினார், "ஸ்டில் வெரி குட் லா" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். தரையோடு தரையாகக் கிடக்கும் அந்த இருக்கையிலிருந்து நான் கதவைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, முருகனைக் கூப்பிட்டு எழுந்து வந்ததைக் கவனித்திருப்பார் போல. எனக்கு அவர் சான்றிதழ் எதுவும் தரவில்லை.

காருக்குப் பத்து வயது நிறைகிறது. அதன் சிஓஇ, அதாவது உரிமைச் சான்றிதழ், முடிகிறது. 1990இல் வந்த ஏற்பாடு இது. காரை வைத்துக்கொள்ளும் உரிமையை மாதம் இரண்டு முறை ஏலம் விடுவார்கள். எடுத்தால் பத்தாண்டு செல்லும். அதன்பின் காரை ஒப்படைத்துவிட வேண்டும். மனசு கேட்காதவர்கள், முந்தைய மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டினால் இன்னொரு பத்தாண்டு வைத்துக்கொள்ளலாம். அதில் பாதி கட்டினால் ஐந்தாண்டு. ஆனால் ஐந்தாண்டை எடுத்தால் அத்தோடு சரி. மறுபடி அழுதாலும் புதுப்பிக்க மாட்டார்கள்.

2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 2 வெள்ளிக்கு இறங்கியது. இரண்டு பேர் கோப்பிக் கடையில் உட்கார்ந்து எழுந்திருக்கும் காசு. அப்போது வாங்கியவர்கள் இன்றைக்கும் கல்யாண விருந்துகளில் அதைச் சொல்கிறார்கள். நாமும் புதிதாகக் கேட்பதுபோல வியக்க வேண்டியிருக்கிறது. 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவில் 150,001 வெள்ளி. அந்தக் கடைசி ஒரு வெள்ளியைப் போட்ட புண்ணியவான் யாரென்று எனக்கு இன்னும் தெரிந்துகொள்ள ஆசை.

என் காரும் பெரிய கார்தான். சிரிக்காதீர்கள். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு தர்பூசணி வந்தால் யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நீளம் நாலு மீட்டருக்கும் குறைவு. ஆனால் எஞ்சின் இரண்டு லிட்டர்; 1,600 சிசியைத் தாண்டிவிட்டதால் சட்டத்தின் கண்ணுக்கு அது பெரிசு.

வீட்டில் நிதியமைச்சர் என் மனைவி. கணினியில் ஓர் அட்டவணை போட்டு, சாப்பாட்டு மேசையில் திருப்பி வைத்தாள். இப்போதே ஒப்படைத்தால், வாங்கும்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். புதுப்பித்தால் அது போச்சு. பத்து வயதுக்குமேல் சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல்; அது வருஷா வருஷம் ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த பரிசோதனை இனி ஆண்டுதோறும். சராசரி ஒரு லட்சம் வெள்ளி என்றே வைத்தாலும் ஐந்தாண்டுக்கு ஐம்பதாயிரம், மாதத்துக்கு 833 வெள்ளி, பெட்ரோலும் பார்க்கிங்கும் தனி.

"ஏங்க, ஞாயிற்றுக்கிழமை சாங்கி வரைக்கும் போய் நாசி லெமாக் சாப்பிட்டுட்டு வர்றதுக்கா இது?"

வாதத்தில் வரலாற்றை இழுத்தேன். 1989இல் சிகாகோ கண்காட்சியில் இந்த வகைக் கார் அறிமுகமானதையும், 2016இல் பத்து லட்சமாவது கார் தயாரானதையும், இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியதையும் எடுத்துச் சொன்னேன்.

"பத்து லட்சமா? அப்ப கிடைக்காத பொருளும் இல்லையே," என்றாள்.

வேகத்தைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. 200 கிலோமீட்டருக்குமேல் போகக்கூடிய கார். இங்கே விரைவுச்சாலையில் உச்சவரம்பே 90. கொஞ்சம் நீட்டி ஓட்டலாம் என்று ஆசைப்பட்டால் மலேசியா போக வேண்டும். அதற்கு முதலில் டேங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், அது சட்டம். முக்காலையும் நிரப்பிக்கொண்டு உட்லண்ட்ஸ் பாலத்தில் வரிசையில் நின்றால், பக்கத்தில் பேருந்திலிருந்து இறங்கி நடப்பவர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். கூரையைத் திறந்து வைத்திருந்தால் நலமும் விசாரிப்பார்கள்.

கூரை என்றதும் ஞாபகம் வருகிறது. அது துணிக் கூரை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிடலாம். வெயில் மண்டையைப் பிளக்கும், இல்லையென்றால் மழை கொட்டும் ஊரில் இந்த வசதி எதற்கு என்று கேட்பவர்கள் இரவு பதினொரு மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட்டை ஒட்டிக் கூரை திறந்த காரில் போனதில்லை. அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் போடச் சொன்னேன். எத்தனை வெள்ளி என்று கேட்டாள்.

மாற்று யோசனைகளும் வந்தன. மகன் மின்சாரக் கார் என்றான்; 2025இல் இங்கே அதிகம் விற்ற பிராண்டே பிஒய்டிதான் என்று புள்ளிவிவரமும் கொடுத்தான். ஓட்டிப் பார்த்தேன். நல்ல கார், வாஸ்தவம். ஏறி இறங்கும்போது இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதில் செய்ய வேலையே இல்லாததுதான் சங்கடம். கியர் கம்பியைத் தேடி இடது கை அலைந்துகொண்டே இருந்தது. கடைசியில் விற்பனையாளர் தன் கையை நகர்த்திக்கொண்டார்.

இதே காரைப் புதிதாக வாங்கினால், புது சிஓஇ முழுசாகக் கட்ட வேண்டும், கார் விலை அதற்குமேல். ஏறக்குறைய அதே காருக்கு. அந்தப் பேச்சை நானே எடுத்து நானே மூடிவிட்டேன்.

கடைசி நாள் நெருங்கியதும் அட்டவணையை மூடிவிட்டு அவள் சொன்னாள்: "அஞ்சு வருஷத்துக்குக் கட்டுங்க. அதுக்குமேல உங்க இடுப்பும் தாங்காது. ஆனா ஒரு கண்டிஷன்."

அவளிடம் இருப்பது 3ஏ உரிமம். ஆட்டோ கியர் மட்டும்தான் ஓட்டலாம். இத்தனை வருஷமும் பக்கத்து இருக்கையிலிருந்து வாயால்தான் ஓட்டினாள். இப்போது மேனுவல் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பயிற்சிக் கட்டணமும் அட்டவணையில் ஏறிவிட்டது, என் பெயருக்கு நேராக. தேர்வில் தேறியபின் ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிப் பங்கிடுவது என்பதற்குத் தனியாக இன்னொரு பக்கம் திறந்திருக்கிறாள். அதை எனக்குக் காட்டவில்லை.