3 கிலோ கொத்தவரங்காய்

கேள்வி: உழவர் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று 3 கிலோ கொத்தவரங்காய் வாங்கிவிட்டேன். வீட்டில் யாரும் தொடவில்லை. குப்பைக்குத்தானா?

பதில்: மொட்டைமாடியில் வெயில் சும்மா காய்கிறதே, அதற்கு வேலை கொடுங்கள், வற்றல் போடுங்கள்! நார் உரித்து, உப்பு போட்ட கொதிநீரில் நிறம் மாறும்வரை மட்டும் வேகவிட்டு வடியுங்கள். உப்பிட்ட மோரில் இரவு ஊறட்டும். பகலில் பாயில் உலர்த்தி, மாலையில் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் வற்றும்வரை இப்படியே செய்து, பிறகு நன்றாகக் காயவிடுங்கள். ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். பையில் பிதுங்கிய காய் சின்ன டப்பாவில் அடங்கிவிடும். உழவர் வியர்வையில் விளைந்ததைக் குப்பையில் கொட்ட மனசு வரலாமா? இன்று தொடாதவர்கள் நாளை வற்றல் பொரிக்கும் வாசனைக்கே அடுப்படிக்கு வருவார்கள். மழைக்கு முன் பாயை விரியுங்கள்.