கொடியியல்: கதிர்காமத்தை முன்வைத்து

கதிர்காமம் என்ற ஊர்ப்பெயரை எந்தப் பக்கம் புரட்டினாலும் வெயில்தான் உதிர்கிறது. கதிர் என்பது ஞாயிற்றின் கதிர் என்றால், வெயில்மேல் விருப்பங்கொண்ட ஊர் என்றாகும். அன்று, அது நெற்கதிர், காமம் கிராமத்தின் திரிபு என்றாலும் குற்றமில்லை. அறுத்த கதிரும் களத்து வெயிலில் காய்ந்த பிறகுதான் குதிருக்குள் போகிறது. இலங்கைக் கதிர்காமத்தைக் காட்டி முருகனையும் துணைக்கு அழைக்கலாம். சலவை வழக்கில் தெய்வத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது மரியாதையன்று என்பதால் அதை விடுவோம். புதுச்சேரி நகரின் வடமேற்கில், இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இவ்வூரில், துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒரே தொட்டிக்குள் முடிக்கும் வாஷர்-டிரையருக்கு இடமுண்டா என்பதே இவ்வாய்வின் பொருள். பிழிவது மெஷினின் தொழில், உலர்த்துவது கொடியின் தொழில் என்பது நம் துணிபு.

முதற்சான்று பேச்சு வழக்கிலேயே கிடக்கிறது. இரட்டைத் தொட்டி வைத்த செமி-ஆட்டோமேட்டிக் மெஷின் வீட்டுக்கு வந்த நாள்முதல் அதன் இரண்டாம் தொட்டியை நாம் டிரையர் என்றே அழைக்கிறோம். அது எதையும் உலர்த்துவதில்லை. சுழற்றிப் பிழிகிறது, அவ்வளவே. ஆனாலும் "டிரையர்ல போட்டாச்சு, மாடியில காயப்போடு" என்ற வாக்கியம் யாருக்கும் முரணாகப் படுவதில்லை. டிரையர் வேறு, காய்வது வேறு என்ற இந்தத் தெளிவைக் கலைத்தது அமெரிக்கா. 1950களில் பென்டிக்ஸ் நிறுவனம் இரு வேலைகளையும் ஒரு தொட்டியில் சேர்த்தது. சிக்கலும் அன்றே சேர்ந்தது. துவைக்க நீர் புகுந்தால் போதும். உலர்த்தச் சூடான காற்று துணிகளுக்கிடையே உலவ வேண்டும், அதற்கு வெற்றிடம் வேண்டும். அதனால் எட்டுக் கிலோ துவைக்கும் மெஷின் ஐந்து கிலோ அளவுக்கே உலர்த்தும். மீதி மூன்று கிலோவை வெளியே எடுத்துவிடச் சொல்வார்கள். எடுத்த ஈரத்துணி எங்கே போகும்? கொடிக்குத்தான். கொடியை ஒழிக்க வந்த கருவி, எட்டில் மூன்று பங்கைக் கொடியிடம் கொடுத்துவிட்டுத்தான் தன் வேலையையே தொடங்குகிறது.

இனிக் கணக்கு. ஐந்து கிலோ பருத்தித் துணி, நிமிடத்துக்கு 1,400 சுற்று வேகத்தில் பிழிந்த பிறகும் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 0.67 யூனிட் வேண்டும். இது இயற்கை போட்ட விலை, ஆடித் தள்ளுபடி கிடையாது. ஆக ஒரு ஈடு துணிக்குக் குறைந்தது 1.7 யூனிட்; வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் ஏறும். அந்த ஆவியை மறுபடி நீராக்கப் பல மெஷின்கள் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுக் குளிர்விக்கின்றன. குழாயில் பனிக்கட்டிபோல் தண்ணீர் வரும் ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். சின்டெக்ஸ் தொட்டியில் நண்பகலில் வெந்நீரே வைத்திருக்கும் ஊருக்கு? வெப்பப் பம்பு வைத்த வகை மின்சாரத்தைப் பாதியளவுக்கு மிச்சப்படுத்தும். மிச்சம் பிடிக்க முதலில் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். இதற்கெதிரே எட்டு முழ வேட்டி ஒன்றை மொட்டைமாடித் தரையில் விரித்துப் பாருங்கள். பரப்பு நாலரைச் சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். மெஷினின் ஹீட்டரோ ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வாட். வேட்டிமேல் விழுவது 4,500. வெள்ளை வேட்டி வந்த வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுமே எனின், தடை நியாயமானது. கறுப்பு லுங்கி கொண்டு அதை விலக்குக.

அஃதேல் ஐப்பசி, கார்த்திகையில் என் செய்வது? இதுதான் உண்மையான தடை, இதைச் சிரித்துத் தள்ள முடியாது. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. ஹாலுக்குள் கயிறு கட்டி, ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் ஜீன்ஸ் மூன்றாம் நாளும் இடுப்பருகே நமுத்தே இருக்கும். அந்த ஈர வாடைக்கு மொராக்ஸெல்லா என்ற பாக்டீரியா காரணம் என்பதும் மெய். இந்த அறுபது எழுபது நாள்களுக்கு மெஷின் வெல்கிறது என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் வென்றதைக் கையில் வாங்க மின்சாரம் வேண்டுமே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதும் முதலில் போனது கரண்ட். மழை பலக்கப் பலக்க மெஷினின் தேவையும் கூடுகிறது, அது ஓடாமல் நிற்கும் வாய்ப்பும் கூடுகிறது. தூறலுக்கு மட்டும் துணைவரும் குடை என்று இதைக் கொள்க.

அடுக்ககத்தில் மாடி இல்லையே, இரவுப் பணி முடிந்து பகலில் தூங்கும் செவிலியர் துணியைக் காவல் காக்க முடியுமா என்பன எஞ்சிய தடைகள். கொடிக்குக் காவல் தேவையில்லை; காகம் மட்டும் விதிவிலக்கு. வெயிலை நம்புவது இங்கே புதிதுமன்று: 19ஆம் நூற்றாண்டில் செனகலுக்குக் கப்பல் கப்பலாக நீலத்துணி அனுப்பிய ஊர் புதுச்சேரி. சாயத்தொட்டியிலிருந்து எடுத்த துணியை எந்த ஹீட்டரும் உலர்த்தவில்லை. மாடி இல்லை என்பதோ அற்றன்று. மாடியில்லாத அடுக்ககம் நம்மூரில் அரிது. பூட்டிய மாடிதான் உண்டு. ஒரு முழு வாஷர்-டிரையரின் விலையை நியாயப்படுத்துவது அந்தப் பூட்டுதான். எனவே நல்ல பிழிவேகமுள்ள சாதாரண வாஷிங் மெஷினும், பத்து முழ நைலான் கயிறும், இரண்டு டஜன் கிளிப்பும் கதிர்காமத்துக்குப் போதும். மாடிச் சாவியை வைத்திருக்கும் அடுக்ககச் சங்கச் செயலாளர்கள் அதைக் காலை எட்டு மணிக்குள் தந்துவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.