அமெரிக்கா, கனடா நீங்கலாக

“சேர், சில்வரா, கோல்டா, பிளாட்டினமா?”

போன கிழமை ஹட்டனில் ஒரு பயண முகவர் நிலையத்தில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த பொடியன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நாங்கள் போவது திருச்சிக்கு. அங்கிருந்து பழனிக்கு, என் மனைவியின் நேர்த்திக்கடனுக்கு. பிறகு வேளாங்கண்ணிக்கு, அக்காவின் நேர்த்திக்கடனுக்கு. அக்கா மதபேதம் பார்க்காத கடன்காரி. மிச்ச நாட்களில் திருச்சிச் சேலைக்கடைகள். இதில் பிளாட்டினம் எங்கே வருகிறது?

எந்தப் பயணக் காப்புறுதித் திட்டத்தை எடுப்பது புத்தி என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஓரிரு விஷயங்கள்.

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு. ஈபிள் கோபுரத்துக்காக அல்ல. ஷெங்கன் விசா வேண்டுமென்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பு, அதில் ஆளை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அடங்க வேண்டும் என்று விசா கொடுப்பவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். யோசிக்க ஒன்றுமில்லை. சொன்னதை வாங்கு, கடதாசியைக் கொடு, போய் வா. ஐரோப்பா தவிர வேறிடம் போகிறவன் பாடுதான் திண்டாட்டம். இந்தியாவுக்குப் போகக் காப்புறுதி வேண்டுமென்று எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயம் இல்லாததனால் நாமே தெரிவு செய்ய வேண்டும். நாமே தெரிவு செய்வதென்றால் எங்கள் வீட்டில் அக்கா, மனைவி, மச்சான், மச்சானின் அலைபேசி என்று நாலு பேர் தெரிவு செய்வார்கள்.

பொடியன் நீட்டிய படிவத்தில் உலகம் மூன்றாக வெட்டப்பட்டிருந்தது. ஒன்று, ஷெங்கன். இரண்டு, அமெரிக்கா கனடா உட்பட உலகம் முழுவதும். மூன்று, அமெரிக்கா கனடா நீங்கலாக உலகம் முழுவதும். கண்டங்கள் ஏழு என்று வகுப்பறையில் தொண்டை வறளக் கத்தியவன் நான். அமெரிக்க ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்குப் பயந்து வரைந்த வரைபடம் இது என்று விளங்கியது. ஆனால் எங்கள் திருச்சி, பிரேசிலோடும் மங்கோலியாவோடும் ஒரே கூண்டில் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம். எங்கள் ஊரான வட்டவளையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போவதுதான் வெளிநாட்டுப் பயணம்.

கோல்ட் திட்டத்தில் மருத்துவச் செலவுக்கு 50,000 டொலர். நம் காசில் ஒன்றரைக் கோடி. உயிரோடும் சுகத்தோடும் இருந்த காலத்தில் யாரும் எனக்கு இந்த விலை போட்டதில்லை. “ஒண்ணும் ஆகலன்னா கட்டின காசத் திருப்பிக் குடுப்பாங்களா தம்பி?” என்றார் அக்கா. கொடுக்க மாட்டார்கள் என்றதும், “அப்ப ஏதாவது ஆகணும்னு நேந்துக்கவா?” என்றார்.

அப்படி நேர்ந்துகொண்டாலும் சின்ன வியாதி உதவாது. ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 100 டொலர் நம் கையிலிருந்து போக வேண்டுமாம். திருச்சியில் எனக்கு வரக்கூடிய காய்ச்சல், இருமல், பரோட்டாவால் வரும் வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் டாக்டர், ஊசி, மாத்திரை சேர்த்தாலும் அந்த 100 டொலரை எட்டிப் பிடிக்காது. பெரிய நோயாக வந்தால், சேருக்கு சீனி இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, அது ஏற்கெனவே இருந்த நோயா என்று விசாரணை. அறுபது தாண்டிய ஒரு மலைநாட்டான் உடம்பில் ஏற்கெனவே இல்லாத நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஆக, கட்டின காசுக்குப் பலன் வேண்டுமென்றால் 100 டொலருக்கு மேற்பட்ட, புத்தம் புதிய வியாதி ஒன்று எனக்கு அங்கே போய்த்தான் பிறக்க வேண்டும்.

இறந்தால் உடலைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவும் உண்டு. என் மனைவி அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கட்டுநாயக்கவோட விட்டுட்டுப் போயிருவாங்களா, இல்ல வட்டவள வரைக்கும் கொண்டாந்து தருவாங்களா? கினிகத்தேனயில மண்ணு சரிஞ்சு ரோட்டு மூடியிருந்தா யாரு பொறுப்பு?” பொடியன் கணினியைப் பார்த்தான். கணினிக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கங்களை வாசித்தேன். நீங்கள் வாசிப்பதில்லை என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன். ‘கீழ்க்காணும் ஆபத்தான செயல்களுக்குக் காப்பு இல்லை’ என்று ஒரு பட்டியல். மலையேற்றம். வேகப் பந்தயம். நீர் விளையாட்டு. காட்டு விலங்குகளை நெருங்குதல். எச்சரிக்கை விடுக்கப்பட்ட இடத்துக்குத் தெரிந்தே போதல். கூலிக்கு உடலுழைப்பு. வாசிக்க வாசிக்க எனக்கு யாரோ எங்கள் தோட்டத்துக்கு வந்து, லயத்து வாசலில் நின்று, ஒரு நாள் முழுக்கக் குறிப்பெடுத்துக்கொண்டு போனதாகத்தான் தோன்றியது.

மலையேற்றத்தை எடுங்கள். ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கும் வட்டவளையில் கடைக்குப் போவது இறக்கம், சீனி வாங்கிக்கொண்டு வருவது ஏற்றம். வெள்ளைக்காரன் இதைக் கயிறு, கொக்கி, தலைக்கவசம் சகிதம் செய்கிறான். எங்கள் பெண்கள் முதுகில் கொழுந்துக் கூடையோடு, காலில் சிலிப்பரோடு, அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே செய்கிறார்கள். அவன் செய்தால் சாகசம், இவர்கள் செய்தால் அரைநாள் கூலி.

வேகப் பந்தயமா? ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் தனியார் பஸ்ஸும் இ.போ.ச. பஸ்ஸும் கினிகத்தேனை வளைவுகளில் ஒன்றையொன்று முந்துவதை என்னவென்று சொல்வது? பந்தயத்தில் நான் கலந்துகொள்ளவில்லை, டிக்கெட் எடுத்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் கம்பெனி ஒப்புக்கொள்ளுமா? நீர் விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. இலங்கையின் ஆக ஈரமான இடங்களில் ஒன்று எங்கள் ஊர். வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை. காயப்போட்ட துணி இங்கே காய்வதில்லை, ஓய்வு பெறுகிறது.

காட்டு விலங்கு என்றால் அவர்கள் மனதில் சிங்கமும் சுறாவும் இருக்கும். இங்கே தேயிலைச் செடிக்கு அடியில் சிறுத்தை படுத்திருக்கும். அது கூடப் பரவாயில்லை, மனுஷ வாடை பட்டால் எழுந்து போய்விடும். குளவி போகாது. குளவிக் கொட்டுக்கு இலக்காகி இத்தனை தொழிலாளர் வைத்தியசாலையில் என்ற செய்தி எங்கள் பக்கத்தில் எத்தனை தடவை வந்தாலும் புதுச் செய்திதான், பெயர்கள் மட்டும் மாறும். குளவிக்கூட்டை நெருங்கியது அவர்கள் தவறு என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: கூடு இருக்கும் மலைக்கு அவர்களை, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் எழுதித்தான் அனுப்புகிறார்கள்.

எச்சரிக்கை விடுக்கப்பட்ட இடத்துக்குத் தெரிந்தே போகக் கூடாதாம். நாங்கள் போவதில்லை. அங்கேயே குடியிருக்கிறோம். சில்வர், கோல்ட், பிளாட்டினம் மாதிரி எங்களுக்கும் மூன்று தரம் உண்டு: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகள் அவை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் சிவப்புக்கு மேலே நிறம் இல்லாமல் போனது. ரோடு அறுந்தது, மலையகக் கோச்சிப் பாதை அறுந்தது. எங்கள் வட்டவளையிலே முன்பு ஒரு தடவை மலையே நகர்ந்து, ரயில் பாதையையும் கூட்டிக்கொண்டு போன கதை உண்டு. விமானம் 12 மணித்தியாலம் பிந்தினால் காப்புறுதியில் காசு கொடுக்கிறார்கள். ரயில் பாதை ஊரை விட்டுப் போனால் யாரிடம் படிவம் கேட்பது?

மச்சான் மதுவைப் பற்றிய பிரிவை மட்டும் கண்ணாடி போட்டு வாசித்தார். மது அருந்திய நிலையில் நேரும் எந்த விபத்துக்கும் காப்பு கிடையாது. கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு இன்சூரன்ஸ் வேணாம்” என்றார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு வாசித்த நான் அந்தப் பட்டியலின் கடைசி வரியில்தான் நின்றேன். கூலிக்கு உடலுழைப்பு. உலகத்துக் காப்புறுதிக் கம்பெனிகள் பல இதை ஆபத்தான செயல் என்று எழுதி வைத்திருக்கின்றன. 2023இல், நாங்கள் மலையகத்துக்கு வந்து 200 வருஷம் என்று மேடை போட்டு விழா எடுத்தோம். அந்த 200 வருஷத்தில் எந்தத் தோட்டத் துரையும் வாய் திறந்து ஒப்புக்கொள்ளாததைக் கம்பெனிக்காரன் பொடி எழுத்தில் இரண்டே வார்த்தையில் ஒப்புக்கொண்டுவிட்டான். நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று 2024இல் வர்த்தமானியில் வருவதற்குள் எத்தனை மேசைகளில் தட்ட வேண்டியிருந்தது. நாட்சம்பளத்துக்கு மலை ஏறுகிறவரிடம் சில்வரா கோல்டா என்று எந்தப் பொடியனும் கேட்டதாக நான் அறியேன். பத்து நாள் சேலைக்கடை சுற்றப் போகிற எனக்கு ஒன்றரைக் கோடி.

திட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னச் சரித்திரம்.

1864இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பேட்டர்சன் என்ற ஆள் ஒரு வங்கிக்காரரிடம் 2 சதம் வாங்கிக்கொண்டு, தபால் கந்தோரிலிருந்து வீடு வரைக்கும் அவர் நடந்து போவதற்குக் காப்புறுதி கொடுத்தார். பயணக் காப்புறுதி அங்கிருந்துதான் வளர்ந்தது என்பார்கள். அதே காலத்தில் எங்கள் பாட்டன் பூட்டன்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்பி, தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்துகொண்டிருந்தார்கள். காலராவும் காய்ச்சலும் வழி நெடுகத் தின்றன. அந்த நடைக்கு 2 சதத்துக்கும் ஆள் இல்லை. பின்னால் தகரத் துண்டு ஒன்று வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகடு, கழுத்தில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். வழிச்செலவெல்லாம் கணக்கில் ஏறி, வந்து இறங்கும்போதே அந்த ஆள் கடன்காரன். காப்பு இருந்தது என்று சொல்லலாம், துரைக்கு.

படிவத்தில் ‘திரும்பி வரும் திகதி’ கட்டாயம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. என் சித்தப்பா குடும்பத்துக்கு அந்தத் திகதி இருக்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. ஒரு வழி டிக்கெட். அவர்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அதில் போனவர்களின் பிள்ளைகளைப் பார்ப்பதும் இந்தப் பயணத்தில் ஒரு வேலை. ‘பயணத்தின் நோக்கம்’ என்ற கட்டத்தில் இருந்தவை உல்லாசம், வியாபாரம், கல்வி. நான் உல்லாசத்தில் புள்ளடி போட்டேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அக்கா கோபிப்பார். காணாமல் போகும் பொதிக்குக் காசு உண்டு. ஆனால் நகைக்கு இல்லை, உணவுப் பண்டத்துக்கு இல்லை, பற்றுச்சீட்டு இல்லாத பொருளுக்கும் இல்லை. போகும்போது எங்கள் பெட்டியில் இருப்பது தேயிலைத் தூளும் சந்தனச் சவர்க்காரமும் பிஸ்கட்டும். அதில் பாதிக்குப் பற்றுச்சீட்டுக் கிடையாது, தூள் தோட்டத்தில் மாசாமாசம் கொடுத்தது. வரும்போது சேலை. சேலைக்குப் பற்றுச்சீட்டு இருக்கும், ஆனால் கட்டுநாயக்க சுங்கத்தை நினைத்து அக்கா அதைத் திருச்சியிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்.

கடைசியில் மனைவியும் பொடியனும் தொலைபேசியில் பேசி ஏதோ ஒன்றை எடுத்துவிட்டார்கள். அது எந்த உலோகம் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் எடுப்பதாக இருந்தால் சீனியையும் பிரஷரையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் கோரிக்கையைத் தள்ளுபடி செய்ய அது ஒன்றே போதும். கம்பெனியின் அவசர இலக்கத்தை அலைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு கடதாசியில் எழுதிக் கூட வருகிறவரிடம் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் முதலில் அந்த இலக்கத்துக்குத்தான் பேச வேண்டும். பில்லின் மூலப்பிரதியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். போட்டோ கொப்பியைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்.