மூன்று பரிமாணப் படத்திலை மழை பெய்யிறேல்லை

வீடு கட்டப் போறாயாம், தம்பி. கேள்விப்பட்டன். ஹெவ்லொக் டவுனிலை எட்டுப் பேர்ச்சஸ் காணி வாங்கிப்போட்டாய். வாங்கின கையோடை காசும் போச்சு, நித்திரையும் போச்சு. ஆனால் கைபேசியிலை மட்டும் வீட்டுப் படம் நிரம்பி வழியுது. டென்மார்க் வீட்டுக் கண்ணாடிச் சுவர், பாலி வீட்டு நீச்சல் குளம், யப்பான்காரன்ரை கல்லுத் தோட்டம். எல்லாத்தையும் இந்த எட்டுப் பேர்ச்சஸுக்கை இறக்கப் போறியோ? ஒரு பேர்ச்சஸ் எண்டால் 272 சதுர அடியும் கொஞ்சமும். பெருக்கிப் பார். வீதிக்கு விடுறதைக் கழி. பின்பக்கம் விடுறதைக் கழி. கார் நிப்பாட்டக் காட்டவேண்டிய இடத்தையும் கழி. இனிச் சொல்லு, பாலிக் குளத்தை எங்கை வைக்கப் போறாய்? தண்ணித் தாங்கிக்கு மேலையோ?

கோவியாதை. நான் கதைக்கிறதுக்குக் காசு கேக்கிறேல்லை. உன்ரை ஆர்க்கிடெக்ட் கேப்பார். அதுவும் கட்டுற செலவிலை நூற்றுக்கு இத்தனை எண்டு. செலவு கூடக் கூட ஆருக்கு லாபம் எண்டு படிச்ச பிள்ளை உனக்கு நான் சொல்லித்தர வேணுமே?

எங்கடை ஒழுங்கையிலை ஒரு குடும்பம் கட்டினது. நல்ல சனம். அவன் கணக்காளன், அவள் வங்கியிலை. அவன்ரை தாயும் கூட இருக்கிறா, சாவகச்சேரியாள். முதல் வீடு. ஆசை இருக்கும்தானே? ஆர்க்கிடெக்ட் வந்து முதல் நாளே கேட்டாராம்: "உங்கடை வாழ்க்கை முறை எப்பிடி?" கேள்வியிலை பிழையில்லை. மறுமொழியிலைதான் வில்லங்கம். "நாங்கள் கனக்க வாசிக்கிறனாங்கள்" எண்டு அவன் சொன்னான். வாசிப்பறை வந்திது. "பின்னேரங்களிலை சிநேகிதர் வருவினம்" எண்டு அவள் சொன்னாள். மேல்மாடி விறாந்தையிலை இருபது பேர் இருக்கிற மாதிரி வாங்கு கட்டிச்சினம். "நாங்கள் எளிமையான ஆக்கள்" எண்டு இரண்டு பேரும் சொல்லிச்சினம். எளிமைதான் இருக்கிறதுக்குள்ளை பெரிய செலவு, தம்பி. பூசாத சுவர், டைட்டேனியம் சீமெந்து நிலம், கைபிடியில்லாத படி. பூசாத சுவருக்குப் பூசின சுவரை விடக் கூடக் கேட்டான் மேசன். ஏனெண்டால் பூசினால் பிழையை மூடலாம். பூசாட்டில் ஒவ்வொரு கல்லையும் நூல் பிடிச்சு வைக்கவேணும்.

இனி உண்மையைக் கேள். அவன் காலி வீதி நெரிசலுக்குள்ளாலை எட்டு மணிக்கு வந்து, சாரத்தை மாத்தி, விசிறிக்குக் கீழை நிலத்திலை மல்லாந்து கிரிக்கெட் பாக்கிறவன். வாசிக்கிறது ஸ்கோர் மட்டும். அவளுக்கு ஒரு கதிரை இருக்கு. தோய்ச்ச உடுப்பு, தோய்க்கவேண்டிய உடுப்பு, ஒருக்காப் போட்டுட்டு இன்னொருக்காப் போடலாமெண்டு வைச்ச உடுப்பு, மூண்டும் அதிலைதான் குவியும். அந்தக் கதிரைக்கு ஆரும் இடம் கேக்கேல்லை. ஆச்சி மிளகாய் காயவைக்கிறவ. அதுக்கும் ஆரும் இடம் கேக்கேல்லை. ஆச்சியையே ஆரும் கேக்கேல்லை.

ஆர்க்கிடெக்ட் எண்டாலே எனக்குப் பகிடி எண்டு நினைக்காதை. கேக்கத் தெரிஞ்சவனும், கேட்டதுக்கு உண்மை சொல்லத் தெரிஞ்சவளும் சந்திச்சால் என்ன நடக்கும் எண்டு இந்தக் கொழும்பிலையே ஒரு கதை இருக்கு. எனா டி சில்வா எண்டு ஒரு மனுசி. மாத்தளை அலுவிகாரைப் பக்கம். தகப்பனும் பொலிஸ்மா அதிபர், புருசனும் பொலிஸ்மா அதிபர். பிறகு பத்திக்கிலை பேர் எடுத்தவ. 1960 மட்டிலை கொள்ளுப்பிட்டி அல்பிரட் பிளேசிலை ஒரு மூலைக் காணி, முப்பது பேர்ச்சஸ் அளவு. வீடு கட்டக் கூப்பிட்டது ஜெப்ரி பாவாவை. அவர் அப்ப பெரிய ஆள் இல்லை. சட்டம் படிச்சு, அது பிடிக்காமல், 1957இலைதான் ஆர்க்கிடெக்டாய் வெளியிலை வந்தவர். முப்பத்தெட்டு வயசு. உனக்கு முப்பத்தெட்டிலை முதுகு நோகுது, அந்தாள் அந்த வயசிலை தொழில் தொடங்கினார்.

மனுசிக்குத் தான் எப்பிடி வாழ்றன் எண்டு தெரியும். தன்ரை பக்கத்து வலவ்வ வீடுகள் கண்ணிலை நிக்குது. நடுவிலை முற்றம், சுத்திவரத் திண்ணை, மழை வீட்டுக்குள்ளையே பெய்யிற வீடு. அப்பிடியும் வேணும், பட்டணத்திலை இந்தக் காலத்து வசதியும் வேணும் எண்டா. 1962 மட்டிலை வீடு முடிஞ்சுது. தெருவுக்கு மதிலைக் காட்டி, உள்ளுக்கை முற்றத்தைச் சுத்தி அறைகள், மேலை ஓட்டுக் கூரை. அந்த நேரம் வெளிநாட்டுச் சாமானுக்குக் கட்டுப்பாடு இறுகுது. கண்ணாடியும் இரும்பும் தேடி அலையிறதை விட்டுட்டு ஓடு, மரம், கல்லு, செங்கல்லு எண்டு ஊரிலை கிடைச்சதை வைச்சே எழுப்பினவை. அந்தக் காலத்துக் கொழும்புக்காரர் காணிக்கு நடுவிலை வெள்ளைக்காரன்ரை பங்களாவைப் போட்டுச் சுத்திவரப் புல்லு வளர்த்தினம். பாவா புல்லைத் தூக்கி வீட்டுக்கு நடுவிலை போட்டார்.

இதைப் பாக்க இப்ப வெளிநாட்டுப் பொடியள் கமராவோடை வருகினம். எங்கடை ஊரிலை ஆச்சியவை நாற்சார் வீடெண்டு கட்டி, நடு முற்றத்திலை நெல்லுக் காயவைச்சு, காகத்துக்குக் கல்லெறிஞ்சுகொண்டு இருந்தவை. நாங்கள் என்ன செய்தம்? அதை இடிச்சுப்போட்டு பிளாட் கட்டினம். இப்ப உன்ரை ஆர்க்கிடெக்ட் அதே முற்றத்தை "கோர்ட்யார்ட்" எண்டு கீறித் தர, நீ வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாய்.

பாவாவுக்கும் முதல் மினெட் டி சில்வா எண்டு ஒரு பெண் ஆர்க்கிடெக்ட் இருந்தவ, கண்டியாள். 1949இலை தொடங்கி 51இலை முடிச்ச கருணாரத்ன வீடுதான் அவ கட்டின முதல் வீடு. தெரிஞ்ச குடும்பம் நம்பிக் குடுத்தது. மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்யாமல், வீட்டைச் சரிவோடை தட்டுத் தட்டாய் இறக்கினா. கதவுக்குத் தும்பறைப் பாய் வைச்சா, சுவரிலை ஓவியர் ஜோர்ஜ் கீற்றைக் கொண்டு படம் கீறுவிச்சா. கதவிலை பாயைப் பாத்திட்டு அக்கம்பக்கம் என்ன சொல்லியிருக்கும் எண்டு நினைச்சுப் பார். நாங்கள் பாயைப் படுக்கவே விரிக்க வெக்கப்படுறம்.

சரி, எங்கடை ஒழுங்கைக்கு வா. ஆர்க்கிடெக்ட் மூன்று பரிமாணப் படம் கொண்டுவந்தார். என்ன வடிவு! வானம் நீலம். வாசலிலை ஒரு வெள்ளைக்காரப் பெட்டை நாயோடை நடக்குது. ஹெவ்லொக் டவுன் ஒழுங்கைக்குள்ளை அந்தப் பெட்டைக்கு என்ன வேலையோ தெரியாது. மின்கம்பம் இல்லை, வயர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன்ரை ஜெனரேற்றர் இல்லை. மழையும் இல்லை. கொழும்பிலை மழை இல்லாத வீட்டுப் படம்!

கூரையை மதிலுக்குப் பின்னாலை ஒளிக்கச் சொன்னாள் வீட்டுக்காரி. ஓடு வெளியிலை தெரிஞ்சால் ஊர்வீடு மாதிரி இருக்குமாம். மூண்டடி தாவாரம் இறக்கினால் சுவரும் நனையாது, யன்னலும் திறந்து கிடக்கலாம், தண்ணி தன்ரை பாட்டிலை முற்றத்திலை விழும். இது ஓடாவிக்குத் தெரிஞ்ச விசயம். ஆனால் வடிவில்லையே! சுத்திவரச் சுவரை உயர்த்தி, அதுக்கும் கூரைக்கும் நடுவிலை ஒரு பீலி வைச்சினம். ஆர் கண்ணுக்கும் படாத பீலி. பக்கத்து வளவு மாமரத்தின்ரை கண்ணுக்கு மட்டும் பட்டிட்டுது. ஆவணி முழுக்க இலை கொட்டினது. ஐப்பசியிலை பின்னேர இடியோடை ஒரு மழை அடிச்சுதே, தண்ணிக்கு வெளியிலை போக வழி இல்லை. அது பேசாமல் உள்ளுக்கை வந்திது. வாசிப்பறைக்குள்ளைதான். நல்ல காலம், புத்தகம் ஒண்டும் இல்லை.

வழிஞ்சது போக மிஞ்சினது பீலியிலை தேங்கி நிண்டுது. நுளம்புக்கு அதை விட நல்ல வீடு ஆர் கட்டிக் குடுப்பினம்? 2017இலை இந்த நாட்டிலை ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு வந்தது, மறந்துபோனியோ? சுகாதாரப் பரிசோதகர் ஏணி கேட்டார். மூண்டு மாடி வீட்டிலை கூரைக்கு ஏற ஒரு வழியும் வைக்கேல்லை. படத்திலை ஏணி அசிங்கமாய்த் தெரியுமாம்.

மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கடல் காத்துக்கெண்டு வைச்சது, ஆனால் திறக்க ஏலாத கண்ணாடி. சித்திரை மாதம் கொழும்பிலை சூரியன் உச்சந்தலைக்கு நேரை நிண்டுட்டுப் பின்னேரம் அந்தக் கண்ணாடிக்குள்ளாலை இறங்கி வருவார். வர, உடனை ஏசி போடு, திரை போடு. கண்ணாடிக்கு ஒரு காசு, அதை மறைக்க இன்னொரு காசு. கபுக்கல்லுச் சுவரிலை ஒரு யன்னலை வைச்சு இரண்டு கதவையும் திறந்துவிட்டால் ஆகாதோ எண்டு ஆச்சி கேட்டா. "அம்மா, உங்களுக்கு உது விளங்காது" எண்டான்.

வாஸ்துகாரர் வேறை. சென்னையிலை இருந்து வாட்ஸப்பிலை பாக்கிறார். முந்தி நிலையம் எடுக்கிற ஆள் வந்து, காணியிலை நடந்து, காலாலை மண்ணைத் தட்டிப் பாத்து, தேத்தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் வாய் திறப்பார். இவர் காணியைக் காணாமலே அக்கினி மூலையிலை குசினி வேணும் எண்டார். அந்த மூலையிலைதான் கார் நிக்கவேணும் எண்டு மாநகரசபைக்குக் குடுத்த படம் சொல்லுது. மாதக்கணக்காய் இழுபட்டுது. கடைசியிலை காஸ் சிலிண்டரை மட்டும் அந்த மூலையிலை வைக்கிறதெண்டு சமாதானம். காருக்குப் பக்கத்திலை காஸ் சிலிண்டர். அக்கினி மூலை எண்டால் உதுதான்.

காசுக் கதையைக் கனக்கச் சொல்லேல்லை, நீ அழுதிடுவாய். 2021இலை வாங்கின சீமெந்து மூட்டை 2022இலை இரண்டு மடங்குக்கு மேலை ஏறினது. கப்பலிலை வாற ரைல்ஸுக்கும் பாத்றூம் சாமானுக்கும் அப்ப கட்டுப்பாடு. இத்தாலிக் குழாய் வரும் வரும் எண்டு மேல்மாடிப் பாத்றூமை அப்பிடியே விட்டுவைச்சினம். வாளியும் கோப்பையும் இந்த நாட்டிலை எந்தக் காலத்திலையும் கிடைக்குது எண்டு நான் சொன்னன். சிரிச்சினம்.

அவசரப்படாதை எண்டும் சொன்னன். பாவா தன்ரை சொந்த வீட்டை எப்பிடிக் கட்டினவர் தெரியுமோ? பகத்தலை வீதிப் பக்கம் 33ஆம் ஒழுங்கையிலை வரிசையாய் நாலு சின்ன வீடு. முதல் ஒண்டை எடுத்து, பிறகு மற்றதுகளைச் சேர்த்து, பத்து வருசத்துக்குக் கிட்ட எடுத்தது. பெந்தோட்டைக்குப் பக்கத்திலை லுனுகங்க தோட்டத்தை 1948இலை வாங்கினவர், பிறகு வருசக்கணக்காய் அதிலை மரத்தை வெட்டிக்கொண்டும் சுவரை மாத்திக்கொண்டும் இருந்தார். நீ மட்டும் பத்து மாதத்திலை, தைப்பூசத்துக்கு முன்னம், சாவியைக் கையிலை தா எண்டு கொன்ட்ராக்டரை வெருட்டுறாய்.

எனாவின்ரை வீட்டுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கேல்லையே? அல்பிரட் பிளேஸ் காணி கடைசியிலை பக்கத்து ஆசுப்பத்திரிக்குப் போச்சு. வீட்டை இடிக்க விடாமல், ஓடு, தூண், கதவு, கல்லு எண்டு இலக்கம் போட்டுக் கழட்டி, லொறியிலை ஏத்தி, லுனுகங்கவிலை திருப்பிப் பூட்டினவை. 2016 மட்டிலை முடிஞ்சுது. இப்ப அங்கை காசு கட்டிப் படுக்கலாம். மரமும் ஓடும் எண்டபடியாலைதான் அப்பிடிக் கழட்டிப் பூட்ட ஏலும். உன்ரை கொங்கிறீற்றை ஆர் கழட்டுவினம்? நூறு வருசத்துக்கு நிக்கும் எண்டு கொன்ட்ராக்டர் பெருமையாய்ச் சொல்லுவான். உன்ரை பிள்ளையள் ரொறன்ரோவுக்குப் போய் இருவது வருசத்திலை அதை விக்க நிக்கேக்கை வாங்கிறவன் முதல் கேக்கிறது என்ன? இடிக்க எவ்வளவு முடியும்?

குடிபூரலுக்கு என்னையும் கூப்பிட்டவை. போனன். முன்குசினி ஒண்டு, பின்குசினி ஒண்டு. முன்குசினி பாக்க. பளபளக்கிற கல்லுமேசை, இன்டக்ஷன் அடுப்பு, உயரக் கதிரை. வெள்ளவத்தைச் சந்தை நண்டும் சூடைமீன் பொரியலும் அதிலை நடவாது, மணம் நேரை சோபாவிலை போய் ஏறும். அதுக்குத்தான் பின்னாலை மதிலோடை ஒட்டி ஒரு தகரக் கொட்டில். வீட்டிலை நாள் முழுக்க ஆக்கள் நிக்கிற ஒரே இடம் அது. படத்திலையும் அது இல்லை.

நல்ல நேரம் வந்திட்டுது. பால் காச்ச வேணும். மூண்டு கல்லு வைச்சு நெருப்பு மூட்டினால் டைட்டேனியம் நிலம் கறுத்திடும் எண்டு கொன்ட்ராக்டர் ஓடிவந்து மறிச்சான். சரி எண்டு மண்பானையைத் தூக்கி இன்டக்ஷனிலை வைச்சினம். அது இரும்பைக் கண்டால்தான் சுடும். மண்ணைக் கண்டு பீக் பீக் எண்டு கத்திக்கொண்டு நிண்டுது. ஐயர் மணிக்கூட்டைப் பாக்கிறார். அவன் மனேச்சரைக் கூப்பிடுற மாதிரி ஆர்க்கிடெக்டைக் கூப்பிடுறான். ஆச்சி ஒரு கதையும் பறையேல்லை. பானையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போட்டா. நாங்களும் பின்னாலை போனம். முன்வாசலாலை உள்ளிட்ட சனம் முழுக்கக் கொட்டிலுக்கை நெருக்கிப்பிடிச்சுக்கொண்டு நிண்டு பால் பொங்கிறதைப் பாத்தம். வீடு அந்தப் பக்கம் வெறுமையாய்க் கிடந்துது.

உன்ரை குடிபூரலுக்கும் சொல்லு, வாறன். நாள் மட்டும் ஐப்பசியிலை பார், பின்னேரமாய், மழை நேரமாய். பீலியை நான் குடையோடை வந்து பாக்கிறன். கொட்டில் எந்தப் பக்கம் எண்டதை இப்பவே சொல்லிவை, நேரை அங்கையே வந்து இருக்கிறன்.