வேகவேந்தர் பிரேக் மாற்றிய படலம்

வேகத்தின் வேந்தே! கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஞாயிற்றுக்கிழமை விடியலைச் சைலன்சர் முழக்கத்தால் துயிலெழுப்பும் பெருந்தகையே! தாங்கள் தங்கள் காருக்குப் பிரேக் மாற்றிய நற்செய்தி எங்கள் செவிக்கு எட்டியது. வாரநாளில் ஊர்ச்சாலை, விடுமுறை நாளில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம், இரண்டுக்கும் இந்த ஒரே கார் என்று திருவுள்ளம் கொண்டீர்களாம். இரண்டுக்கும் ஒத்துவரும் பிரேக் எது என்று சாமானியர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார்கள். தாங்களோ முதலில் நிறத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள். அந்தத் தெளிவுக்கு எங்கள் முதல் வணக்கம்.

என்ன சிவப்பு அது! முன்சக்கரங்களுக்குள் செக்கச் செவேலென்று நான்கு பிஸ்டன் கேலிபர்கள் கொலுவீற்றிருக்கின்றன. பின்சக்கரங்களில் கம்பெனி கேலிபர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் அதே சிவப்பில் ஒரு மூடி கவிழ்க்கப்பட்டு, மூடியின்மேல் ‘ப்ரெம்போ’ என்ற வெள்ளை எழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது. இத்தாலியில் பெர்காமோ நகரத்தின் அருகே 1961இல் தொடங்கிய அந்த நிறுவனம், 1975 முதல் ஃபெராரியின் பந்தயக் கார்களுக்குப் பிரேக் செய்து கொடுத்துப் படிப்படியாகப் பெயர் எடுத்தது. தாங்கள் அதே பெயரை ஒரு ஸ்டிக்கர் விலைக்கு ஒரே பிற்பகலில் எடுத்துவிட்டீர்கள். உழைப்பை இவ்வளவு சுருக்கிய மேதை வேறு எவருமில்லை. பிரேக்கின் சூடு காற்றில் கலந்து வீணாகிவிடாமல் அந்த மூடி பொத்திப் பாதுகாக்கிறது என்பது மேலும் ஒரு சிறப்பு.

முன்னால் மட்டும் பெரிதாக்கிப் பின்னால் தொடாமல் விட்ட தங்கள் சமநீதியை எப்படிப் பாராட்டுவது? தொழிற்சாலையில் பொறியாளர்கள் பல மாதம் உட்கார்ந்து, முன்சக்கரம் இவ்வளவு பிடிக்க வேண்டும், பின்சக்கரம் இவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் ஏபிஎஸ்ஸும் வேலை செய்கிறது. தாங்கள் ஒரே நாளில் அந்தப் பழைய கணக்கைத் தள்ளுபடி செய்தீர்கள். இப்போது முன்டயர்கள் சட்டென்று தம் எல்லையைத் தொட்டு ஏபிஎஸ் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. பின்டயர்கள் தம் முழுப் பங்கைச் செய்யாமல் சும்மா உருண்டு வருகின்றன. பெரிய பிஸ்டன்களைத் தள்ள அதிக ஆயில் வேண்டும், மாஸ்டர் சிலிண்டரோ பழையது. ஆகவே பெடலும் முன்னைவிட ஆழமாக இறங்கித் தங்கள் திருப்பாதத்துக்கு நெடுநேரம் பணிவிடை செய்கிறது. நிற்கும் தூரம் கொஞ்சம் கூடியிருக்கலாம். அதனாலென்ன? தங்களைப் போன்றவரை ஓரிரு மீட்டர் கூடுதலாகத் தரிசிக்கும் பேறு சாலைக்குக் கிடைக்கிறது.

தங்களுக்கு முன்னோடிகள் என்று சிலரைச் சொல்வார்கள். லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றபோது அதில் இருந்தது டன்லப் டிஸ்க் பிரேக். டிரம் பிரேக்குக்குள் அடைபடும் சூடு, திறந்திருக்கும் டிஸ்க்கில் காற்றோடு போய்விடுகிறது. அதனால் மற்றவர்களின் பிரேக் தளர்ந்த பிறகும் அந்தக் காரின் பிரேக் கடைசிவரை பிடித்தது. பாவம், அந்தக் காலத்து மனிதர்கள். பிரேக் என்றால் சூட்டைச் சமாளிக்கும் கலை என்று தப்பாக நினைத்துக்கொண்டார்கள். அது வீலின் இடைவெளியில் தெரிய வேண்டிய அலங்காரம் என்பதைக் கண்டறியத் தாங்கள் பிறந்து வர வேண்டியிருந்தது.

சூடு என்றதும் ஓர் அற்பக் கணக்கு நினைவுக்கு வருகிறது, திருச்செவியில் போட்டுவைக்கிறோம். 1,200 கிலோ எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுக்க நின்றால், அந்த ஓட்டத்தின் ஆற்றலெல்லாம் சூடாக மாறும். இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைக்க அது போதும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பந்தயத் தடத்திலோ இது சுற்றுக்குப் பலமுறை நடக்கும்; ஆறுவதற்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். இந்தச் சூடு கடைசியில் போய்ச் சேருமிடம் கேலிபருக்குள் இருக்கும் பிரேக் ஆயில்.

அந்த ஆயிலிடம் தாங்கள் காட்டிய விசுவாசம் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு காப்பியமே பாட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினாராம். தெளிந்த இளமஞ்சளாக இருக்க வேண்டியது டீ டிக்காஷன் நிறத்தில் நின்றது. “சார், பழைய ஆயிலை முழுசா மாத்திடலாம். சில நூறு ரூபாய்தான் ஆகும்” என்றார் அவர். “அது வெளியே தெரியுமா?” என்று கேட்டீர்களாம். தெரியாது என்றதும், லட்சக்கணக்கில் செலவழித்த கை சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்தது. சிக்கனத்துக்கு இலக்கணமே! கார் வாங்கிய நாளில் ஊற்றிய ஆயிலை இன்றுவரை கைவிடாத நன்றியுணர்வை இந்தக் காலத்தில் எங்கே போய்த் தேடுவது?

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. சென்னையின் கடற்காற்றில் அதற்குப் பஞ்சமா? புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஏறக்குறைய 4 சதவீத ஈரம் சேர்ந்துவிட்டால் அதே விதி 155 டிகிரியைத்தான் எதிர்பார்க்கிறது. கொதித்தால் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பெடல் தரைவரை போய்ச் சாஷ்டாங்கமாக விழுந்து தங்களை வணங்கும். கார் மட்டும் தன் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றும் கோழைகள் இந்த மரியாதையை வாழ்நாளில் ஒருமுறையேனும் பெற்றதுண்டா?

பேட் தேர்விலும் தங்கள் வீரம் குன்றவில்லை. பெட்டியில் ‘ரேஸ்’ என்று எழுதியிருந்ததைத்தான் வாங்கினீர்கள். நூற்றுக்கணக்கான டிகிரி சூடேறிய பிறகே உயிர்பெறும் பேட் அது. அதை மாட்டிக்கொண்டு காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகிறீர்கள். பிரேக் சூடேறாமல் சில்லென்று இருக்கிறது. முதல் மிதி கடிக்காது, வழுக்கும். ஆனால் கிறீச்சென்று ஒரு சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அந்தக் கட்டியம் கேட்டுக் குழந்தைகள் தாமாகவே ஓரமாக ஒதுங்குகிறார்கள். கார் நிற்பதைவிடக் குழந்தைகள் ஒதுங்குவது எளிது என்பதை உணர்ந்த தங்கள் கருணையே கருணை.

புதுப் பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்க வேண்டும் என்பார்கள். வெறிச்சோடிய சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை, முழுக்க நிறுத்தாமல், படிப்படியாக அழுத்தி, பிறகு பெடலைத் தொடாமல் ஓட்டியே ஆறவிட வேண்டும். அப்போதுதான் பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒரே சீராக ஏறும். தாங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேராகப் படமெடுக்கும் இடத்துக்குப் போனீர்கள். இப்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் வெடவெடவென்று நடுங்குகிறது. தங்கள் கைபட்ட பரவசம் என்றே அதைக் கொள்கிறோம். டிஸ்க்கில் வரிசையாகப் போட்ட துளைகளின் விளிம்பிலிருந்து மயிரிழை போலச் சில வெடிப்புகள் கிளம்பியிருக்கின்றன. பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் தெரியும், படத்தில் தெரியாது. ஆகவே அவை இல்லை.

இவ்வளவு திருப்பணிக்கும் அடித்தளமாகத் தங்கள் டயர்கள் விளங்குகின்றன. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை, காரை நிறுத்துவது டயர் என்று சொல்லும் சிற்றறிவினர் உண்டு. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது உள்ளங்கை அகலம்தான். அங்கே பிடிமானம் இல்லையென்றால் மேலே எத்தனை பிஸ்டன் இருந்தும் பயனில்லை என்பார்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் டயரை மாற்று என்று சட்டம் சொல்கிறது. தங்கள் டயர்கள் அந்த எல்லையை எப்போதோ கடந்து, எவ்விதக் கறையும் ரேகையும் இல்லாத பளிங்கு நிலையை எய்தியிருக்கின்றன. ஒரு தூறலுக்குத்தான் காத்திருக்கின்றன.

மலையில் தாங்கள் செய்த சாதனையும் சாதாரணமானதா? ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தாழ்ந்த கியரில் இறங்கி எஞ்சினையே பிரேக்காக்கு என்பது மலையில் லாரி ஓட்டுபவர்களின் பாடம். தாங்கள் கியரைத் தொந்தரவு செய்யாமல் பெடலிலேயே காலை ஊன்றி இறங்கினீர்கள். கருகிய வாடை காருக்குள் வந்தபோது ஜன்னலை ஏற்றிக்கொண்டீர்கள். எந்தச் சோதனையிலும் கலங்காத நெஞ்சம்!

இருங்காட்டுக்கோட்டையிலோ தங்கள் புகழ் உச்சிக்கே போனது. நேர்ப்பாதையின் முடிவில் மற்றவர்கள் பிரேக் பிடித்த இடத்தைத் தாண்டித் தாங்கள் பிடித்தீர்கள். பெடல் உள்ளே போனது. கார் புழுதிக்குள் போனது. தடத்தில் அதற்கென்றே காலி நிலம் விட்டிருக்கிறார்கள், கொடியோடு ஆள் நிற்கிறார், தங்கள் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. புழுதியிலிருந்து மீண்டு வந்து, சூடு ஆற ஒரு சுற்றுகூட மெதுவாகச் சுற்றாமல் நேரே நிறுத்தி, கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்வியிருக்க ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டீர்கள். பிறகு அதே ஆயில், அதே பேட், அதே டயரோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி வீடு திரும்பினீர்கள். அந்தச் சாலையில் காலி நிலம் இல்லை. கொடி காட்ட ஆளில்லை. முன்னால் பைக்கில் போன குடும்பத்தில் ஒருவர் தலையில் மட்டுமே ஹெல்மெட். இத்தனை குறைகளையும் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டு அதே வேகத்தில் வந்தீர்கள்.

தங்கள் பெருமை விளங்க ஓர் எளியவரையும் சொல்லியாக வேண்டும். அவரும் அன்று தடத்துக்கு வந்திருந்தார். கம்பெனி கேலிபர், கம்பெனி டிஸ்க். துருப்பிடித்த சாம்பல் நிறம். செய்ததெல்லாம் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆயில், ஸ்டீல் பின்னிய ஹோஸ், நல்ல டயர், முன் டிஸ்க்குக்குக் காற்று போக ஒரு குழாய். தடத்துக்கு வந்ததும் கைகளைக் கரியாக்கிக்கொண்டு தடத்துப் பேடை மாட்டுகிறார். கிளம்பும்போது சாலைப் பேடை மாட்டுகிறார். சில சுற்றுக்கு ஒருமுறை வேகம் குறைத்து பிரேக்கை ஆறவிடுகிறார். மாலைவரை அவருடைய பெடல் ஒரே உயரத்தில் நின்றது. இதில் படமெடுக்க என்ன இருக்கிறது? தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த வேல்களைக் கண்டு வியந்து பாடிய ஔவை இன்றிருந்தால், இந்த எளியவரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். தங்கள் கேலிபர்களின் முன்னால் நின்று கண்ணிமைக்காமல் இன்னொரு பாட்டு பாடியிருப்பார்.

வாழ்க தங்கள் சிவப்பு! வளர்க தங்கள் வேகம்! பரிசில் என்று நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்து எந்தத் தெருவில் தங்கள் பவனி என்று ஒருநாள் முன்னதாக அறிவித்துவிடுங்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மாடியிலிருந்து தங்களைக் கும்பிட்டுக்கொள்கிறோம்.