புளி போட்டுத் துலக்கலாமா?

கேள்வி: புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் செப்புத் திருமேனிக்குப் படித்த நிபுணர் எதற்கு?

பதில்: துலக்குவதற்கு அன்று, துலக்குபவரைத் தடுப்பதற்கு. புளியின் அமிலம் அழுக்கோடு நில்லாமல், உலோகத்துக்குக் காப்பாக அதன்மேல் படிந்துள்ள மெல்லிய படலத்தையும் கரைத்துவிடும். தேய்த்துத் தேய்த்தே மூக்கும் கண்ணும் மழுங்கிய உற்சவமூர்த்திகள் உண்டு. பக்தியில் குறையில்லை, புளியில்தான் அளவில்லை.

கேள்வி: கூரம் என்னும் ஊருக்கும் உலோகச் சிலைகளைப் பாதுகாக்கும் இத்துறைக்கும் என்ன உறவு?

பதில்: முழங்காலை மேல்நோக்கி மடித்து உயர்த்தி ஆடும், ஊர்த்துவஜானு எனப்படும் கோலத்தில் அமைந்த கூரத்துப் பல்லவ நடராசர் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார், அங்கேதான் 1930இல், செப்புத் திருமேனிகளின் சிதைவைத் தடுக்கும் நோக்கோடு, ச. பரமசிவன் என்னும் வேதியியலாளரின் பொறுப்பில் ஆய்வுக்கூடம் ஒன்று உருவாயிற்று. மண்ணில் புதைந்த செம்புக்குள் உப்பின் குளோரைடு புகுந்துவிட்டால், காற்றின் ஈரம் பட்டவுடன் அமிலம் பிறந்து உலோகத்தை மேலும் அரிக்க, இளம்பச்சைத் தூள் உதிரத் தொடங்கும். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். மேலே துடைத்தால் தூள் போகுமே தவிர நோய் போகாது. ஆகவே சிலையைச் சோடாக்காரக் கரைசலில் மூழ்கவைத்து, அதனை எதிர்முனையாகவும் இரும்பை நேர்முனையாகவும் கொண்டு மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், குளோரைடு சிலையை விட்டு வெளியேறும். அதன்பின் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலச வேண்டும். இந்த அபிஷேகத்துக்கு அவசரம் ஆகாது.

பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகளைப் போன்றவற்றுக்கு எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். எழுத்தின் விளிம்பு பல நேரங்களில் களிம்புப் படலத்துக்குள்ளேயே நிற்பதால், அரசன் எழுதாத எழுத்தைத் துலக்குபவர் எழுதிவிடலாகாது.

கேள்வி: இத்துறைக்கு வர எதைப் படிக்க வேண்டும்? வேலை கிடைக்குமா?

பதில்: வேதியியல் அடித்தளம் பெரிதும் உதவும், கலைவரலாறும் கைப்பக்குவமும் சேர்ந்தாக வேண்டும். தில்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனமாக இருந்து நொய்டாவுக்குப் பெயர்ந்துள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனம் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. இலக்னோவில் 1976 முதல் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாப்பதற்கான தேசிய ஆய்வகமும் இருக்கிறது. அரசுப் பணியிடங்கள் சிலவே. சிலைகள் காத்திருப்பதைப் போலவே விண்ணப்பதாரரும் காத்திருக்க நேரும்.

கேள்வி: உடைந்த கைக்குப் புதுக்கை பொருத்தலாமா?

பதில்: புதுப்பகுதி பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கிறது பழஞ்சின்னங்களின் பாதுகாப்பு பற்றிய 1964இன் வெனிசு சாசனம். ஆனால், பழுதுற்ற மூர்த்தியைச் சீர்செய்து மீண்டும் வழிபாட்டுக்குக் கொணரும் ஜீர்ணோத்தாரணத்துக்கு ஆகமம் இடம் தருகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது சான்று, கருவறையில் இருப்பது கடவுள்; எந்த வாசலில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டே கருவியை எடுக்க வேண்டும்.